திருநீற்றுக்குக் கீழே

அத்தியாயம் 17

மனுகாவ் மண்டபத்துக்காரனோடு வாக்குவாதப்பட்டு, கடைசியில் சனிக்கிழமைக்கு மண்டபத்தை உறுதிசெய்துகொண்டு ரானுயி வீட்டுக்கு வந்த குணரத்தினம், "தலை இடிக்குது" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தத் தலையிடியை நீங்களும் நானும் மண்டபத்துக்காரனின் கணக்கில் எழுதிவிட்டோம். பாவம், அவன் எத்தனையோ பிழை செய்தவன்தான், ஆனால் இது அவன் செய்த வேலை இல்லை.

இன்று வியாழன். நாளை மறுநாள் குணரத்தினத்தின் மகள் ராகவிக்குக் கலியாணம். வீட்டில் பலகாரச் சூடு, உறவுக்காரர் கூடிக் கலியாணப் பலகாரம் சுடும் நாள்.

காரை வெளியே விட்டுவிட்டு, கராஜுக்குள் இரண்டு காஸ் அடுப்புகளை வைத்திருந்தார்கள். ஒரு தாச்சியில் பயத்தம் பணியாரம், மற்றதில் அரியதரம். சுற்றிவர மடக்குக் கதிரைகளில் பெண்கள். நடுவில், யாரும் கேட்காமலே அதிகாரத்தை எடுத்துக்கொண்ட சரோஜாதேவி. குணரத்தினத்தின் அக்கா. குடும்பத்தில் எது நல்ல நேரம், எது கூடாத நேரம் என்று சொல்வது அவர்தான். அந்த வேலையிலிருந்து அவரை இன்னும் யாரும் ஓய்வுபெறச் சொல்லவில்லை.

அன்னபாக்கியம் உள்ளுக்கும் கராஜுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மகளின் கலியாணத்தில் ஒரு தாய்க்குக் கவலைப்பட நூறு விஷயம் இருக்கும். அவளுக்கு இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான். அவளுடைய புருஷனின் நெற்றி.

குணரத்தினம் கோயிலுக்குப் போகிற ஆள்தான். ஆனால் குளித்துவிட்டு விரல்நுனியில் கொஞ்சம் திருநீறு எடுத்துப் பூசினால் அவருக்குப் போதும். நேற்றுக் காலையிலிருந்து அப்படியில்லை. தண்ணீரில் குழைத்து, மூன்று விரலால், புருவம் மறையும்வரை பட்டையாகப் போட்டிருந்தார். காய்ந்தால் மறுபடி போட்டார்.

"மகளை வழியனுப்பப்போறான். தம்பிக்குப் பக்தி வந்திட்டுது" என்று சரோஜாதேவி மெச்சினார். வந்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். நேற்று அன்னபாக்கியமும் பெருமைப்பட்டாள்.

இன்று காலைதான் மூக்கின் நுனியில் அந்தச் சிவப்புப் பொட்டைக் கண்டாள்.

"என்னப்பா இது?"

"சேவ் எடுக்கேக்கை வெட்டிப்போட்டுது."

"வலது கண் சிவந்திருக்குது."

"எண்ணெய்ப் புகை."

அவர் கராஜ் பக்கமே வரவில்லை. மூக்கு நுனியில் யாரும் சவரம் செய்வதும் இல்லை. ஆனால் அதற்குள் சரோஜாதேவி கராஜுக்குள்ளிருந்து, "அன்னம், சீனி எங்கை?" என்று கூப்பிட்டுவிட்டார். போனாள்.

திரும்பி வந்தபோது குசினியில் குணரத்தினம் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றார். கேத்தலிலிருந்து விழுந்த தேத்தண்ணி கோப்பைக்குள் போகவில்லை. பக்கத்தில் மேசையில் விழுந்து, விளிம்பால் வழிந்து, அவர் காலில் சொட்டியது. அவர் அதைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அன்னபாக்கியம் ஓடிவந்தாள். கேத்தலை வாங்கி வைத்தாள்.

மங்கரேயில் விமானச் சரக்குக் கூடத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்த மனிதர் அவர். ஒரு பெட்டியின் இலக்கத்தை ஒருமுறை பார்த்தால் போதும், ஒரு மாதம் கழித்துக் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் ஒப்புவிப்பார். எந்தப் பெட்டி எந்த மூலையில் என்று கூடத்தில் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். அப்படிப்பட்டவருக்குக் கைக்கெட்டிய கோப்பை தெரியவில்லை.

இந்த இடத்தில், ஆனி மாதத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது அது சொல்லத் தகுந்ததாகவே படவில்லை.

பிரஷர் குளிசை எடுக்க இருவரும் மனுகாவ் பார்மசிக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்த பிள்ளை அவருடைய வயதைப் பார்த்துவிட்டு, "அறுபத்தைந்து ஆகிவிட்டதே, ஷிங்கிள்ஸ் ஊசி உங்களுக்கு இலவசம், இப்போதே முதலாவதைப் போடலாம், சில மாதத்தில் இரண்டாவது" என்றாள். அக்கி என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அதற்குத் தடுப்பூசி.

"எனக்கு ஏழு வயசிலை அம்மாள் வந்தது. ஒருக்கா வந்தா அவ பிறகு வரமாட்டா" என்று குணரத்தினம் சிரித்தார். ஆனாலும் இலவசம் என்றதும் கதிரையில் இருந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

பிள்ளை நேர்மையானவள். கை கொஞ்சம் நோகும், சிலருக்கு ஓரிரு நாள் காய்ச்சல், உடம்பு உளைவு இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்றாள்.

அதைக் கேட்டதும் அன்னபாக்கியம் குறுக்கே புகுந்தாள். மறுநாள்தான் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வருவதாக இருந்தது. பெண்ணின் தகப்பன் காய்ச்சலோடு, கையைத் தூக்க முடியாமல் நின்றால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

"இப்ப வேண்டாம். கலியாணம் முடியட்டும்" என்றாள்.

குணரத்தினம் சட்டைக் கையை இறக்கிவிட்டார். குளிசையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

வாசலில் கார் வந்து நின்றது. மோகனதாஸும் வேதவள்ளியும். மாப்பிள்ளை நவினின் பெற்றோர். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்தவர்கள். பலகாரச் சூடு என்று ஒன்று தங்கள் பக்கத்தில் இல்லை, பார்க்க ஆசை என்று வேதவள்ளியே கேட்டு வந்திருந்தார்.

சரோஜாதேவி பன்னீர்ச் செம்பையும் சந்தனத் தட்டத்தையும் தம்பியின் கையில் திணித்தார். "நீதான் வரவேற்கவேணும். போ."

குணரத்தினம் தட்டத்தோடு வாசலுக்குப் போனார். அன்னபாக்கியம் அவருடைய முழங்கையைப் பிடித்தபடியே கூடப் போனாள். பார்த்தவர்களுக்கு அது கலியாண வீட்டுச் சந்தோஷம் மாதிரித் தெரிந்திருக்கும்.

"வாங்க சம்பந்தி, வாங்க" என்று மோகனதாஸ் தானே வரவேற்றார். எந்த வீட்டுக்குப் போனாலும் தானே வீட்டுக்காரர் ஆகிவிடுவது அவர் சுபாவம். சந்தனத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்தார். பிறகு இன்னொரு விரல் எடுத்தார். "என்னா சம்பந்தி, நெத்தி பூரா விபூதி, சந்தனத்தைக் காணோம். பொண்ணோட அப்பாவுக்கு நான் வெக்கிறேன்."

குணரத்தினம் பின்னால் சாய்ந்தார். அதற்குள் விரல் பட்டுவிட்டது.

அடிபட்டவர்போல அவர் கத்திவிட்டார். தட்டம் கையிலிருந்து போய்ச் சீமெந்தில் உருண்டது. சந்தனம், குங்குமம், பூ எல்லாம் தரையில். குணரத்தினம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார்.

கராஜுக்குள் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு குங்குமம் தரையில் கொட்டினால் யார் என்ன நினைப்பார்கள் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதையே நினைத்துக்கொண்டு நின்றார்கள்.

"மெதுவாத்தான் வெச்சேன்" என்றார் மோகனதாஸ். அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

அன்னபாக்கியம் புருஷனைக் குளியலறைக்குள் கூட்டிப்போய் விளக்கைப் போட்டாள். ராகவியும் மருதாணிக் கையோடு பின்னால் வந்தாள். துவாயை நனைத்து, ஒற்றி ஒற்றித் திருநீற்றை எடுக்க எடுக்க, கீழே இருந்தது தெரிந்தது.

நெற்றியின் வலது பாதி முழுக்கக் கொப்புளம். நடுவில் கோடு கிழித்த மாதிரி இடது பக்கம் ஒன்றும் இல்லை. கொப்புளங்கள் புருவத்தைத் தாண்டி, இமைக்கு இறங்கி, மூக்கு நுனிவரை வந்திருந்தன. இமை வீங்கிக் கண் பாதிதான் திறந்திருந்தது.

அன்னபாக்கியத்துக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"எப்ப துவங்கினது?"

"திங்கள் தலையிடி. செவ்வாய் பின்னேரம் கொப்புளிச்சுது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா அக்காவுக்குத் தெரியும். அம்மாள் வந்திருக்கிறா எண்டு கலியாணத்தை நிப்பாட்டிப்போடுவா." அவர் மகளைப் பார்க்காமல் பேசினார். "உன்ரை கையைப் பிடிச்சுத் தாரைவார்த்துக் குடுக்கவேணும், பிள்ளை. அதுக்காக அறுபத்தைஞ்சு வருசம் இருந்திட்டன். ரெண்டு நாள் பொறுக்கமாட்டனே?"

"அப்பா, திஸ் இஸ் யுவர் ஐ" என்றாள் ராகவி. பிறகு, அவர் மனதில் தைக்கவேண்டும் என்று தமிழில் திருப்பிச் சொன்னாள். "இது கண், அப்பா."

"இப்பவே டொக்டரிட்டைப் போவம்" என்றாள் அன்னபாக்கியம்.

"கலியாணம் முடியட்டும். நீர்தானே அண்டைக்குச் சொன்னனீர்."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரு விஷயத்தை நினைவுபடுத்துவதுபோலத்தான் சொன்னார். அன்னபாக்கியத்தின் கையிலிருந்த துவாய் நனைந்தபடியே நின்றது.

ராகவி வாசலில் நின்றபடியே குடும்ப டொக்டரின் இடத்துக்கு போன் போட்டாள். நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டாள். மூக்கு நுனியில் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்றாள் ராகவி.

நர்ஸின் குரல் மாறியது. அப்படியானால் கண்ணுக்கும் போயிருக்கலாம், இங்கே வரவேண்டாம், நேரே மருத்துவமனைக் கண் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், நான் சொல்லிவைக்கிறேன், இந்த மருந்தைத் தொடங்கச் சுணங்கக்கூடாது என்றாள்.

வெளியே சரோஜாதேவி காத்திருந்தார். தம்பியின் முகத்தைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினார். அந்த மனுஷியைக் குறைசொல்ல வேண்டாம். அவருக்கு உண்மையிலேயே பயம். அம்மாள் வந்த வீட்டில் மருந்து கொடுப்பதில்லை, நல்ல காரியம் செய்வதில்லை, வேப்பிலை கட்டி அவள் மனம் குளிரும்வரை இருப்பதுதான் அவர் கண்டு வளர்ந்த வழக்கம்.

"தம்பியைத் தனி அறையிலை படுக்கவிடு அன்னம். இந்தியன் கடையிலை வேப்பிலை இருக்கும். ஐயருக்கு நான் போன் பண்ணுறன். சனிக்கிழமை நடக்காது."

"நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறம், மச்சாள்."

"அவவுக்கு ஊசி மருந்து காட்டக்கூடாது. கோவிச்சுக்கொள்ளுவா."

"கோவிச்சா என்னோடை கோவிக்கட்டும்."

கலியாணமாகி வந்த நாளிலிருந்து மச்சாளை எதிர்த்து அன்னபாக்கியம் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்னபிறகு கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ராகவி கார்த் திறப்பை எடுத்தாள்.

"கன்னிக்கால் ஊண்டியாச்சு. கலியாணப் பொம்பிளை படி தாண்டக்கூடாது" என்றார் சரோஜாதேவி. இப்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"அம்மாவுக்கு மோட்டர்வேயிலை ஓட்ட ஏலாது, மாமி. ஐ ஆம் கோயிங்."

வேதவள்ளி காரடியில் நின்றார். அவர் பார்வை தரையில் கிடந்த குங்குமத்திலேயே இருந்தது. மோகனதாஸ்தான் கிட்ட வந்தார். "இது அக்கி சம்பந்தி. எங்க அண்ணனுக்கு இடுப்புல வந்து ஆறு மாசம் சட்டை போட முடியல. அதப் பாத்துட்டுத்தான் நான் ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டேன். ஒரு நாள் காய்ச்சல், அவ்ளோதான். நீங்க போடலையா?"

குணரத்தினம் காரில் ஏறினார். அன்னபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாங்க வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு போன் பண்றோம், சம்பந்தியம்மா" என்றார் வேதவள்ளி. என்ன பேசப்போகிறார்கள் என்று அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மோட்டர்வேயில் வாகனங்கள் ஊர்ந்தன. ராகவியின் மருதாணிக் கை ஸ்டியரிங்கில் இறுகியிருந்தது. பின் சீட்டில் குணரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு, "பலகாரம் கருகப்போகுது" என்றார். அன்னபாக்கியம் தெரிந்த தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டாள். அம்மாளின் முறை வந்தபோது ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவளையும் கூப்பிட்டாள். தாய்தானே, விளங்கிக்கொள்வாள்.

கண் அவசரப் பிரிவில் இளம் டொக்டர் ஒருத்தி நெற்றியைப் பார்த்த உடனேயே குளிசையை எழுதி, முதல் வேளையை அங்கேயே விழுங்கச் சொன்னாள். பிறகுதான் இருந்து விளக்கினாள். ராகவி தமிழில் சொல்லச் சொல்ல அன்னபாக்கியம் கேட்டாள்.

ஏழு வயதில் வந்த கொப்புளிப்பானின் கிருமி உடம்பை விட்டுப் போகவே இல்லையாம். நரம்புக்குள் இத்தனை வருடமும் படுத்துக்கிடந்ததாம். வயது ஏறி உடம்பின் காவல் தளர்ந்ததும் எழும்பிவிட்டதாம். அப்போது வந்ததால் இனி வராது என்று இல்லை, அப்போது வந்தவர்களுக்குத்தான் இது வரும்.

"ஊசி போட்டிருந்தா?" என்று அன்னபாக்கியம் கேட்டாள். மகள் அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். "கேள் பிள்ளை."

அநேகமாக வந்திருக்காது, என்றாள் டொக்டர். கொஞ்சம் பொறுத்து, இது ஆறின பிறகும் போட்டுக்கொள்ளலாம், போடவும் வேண்டும், திரும்ப வரக்கூடும் என்றாள். இப்போது முக்கியம், கண்ணுக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று பார்ப்பது. பார்வை நன்றாக இருந்தால் மருந்தோடு வீட்டுக்கு விடலாம். இல்லாவிட்டால் இன்றே பெரிய டொக்டர் பார்க்கவேண்டும், வாரக்கடைசி முழுக்க இங்கே வந்துபோக வேண்டியிருக்கும், படுக்கவும் நேரலாம்.

வாரக்கடைசி என்ற சொல் குணரத்தினத்துக்குச் சுருக்கென்றது. நிமிர்ந்து இருந்தார்.

நர்ஸ் அவரைக் கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைக்கு முன்னால் இருத்தினாள். முதலில் வலது கண்ணை மூடி, இடது கண்ணால் வாசிக்கச் சொன்னாள். மேலிருந்து கீழ்வரை, பொடி எழுத்துவரை, தடுக்காமல் வாசித்தார்.

பிறகு இடது கண்ணை மூடினாள். இப்போது நோய்ப்பட்ட கண்.

குணரத்தினம் வாசித்தார். மேல் வரி, அடுத்த வரி, அதற்கடுத்தது. அதே வேகம், ஒரு பிழை இல்லை. நர்ஸ் முகம் மலர்ந்து எழுதத் தொடங்கினாள். ராகவி தாயின் தோளைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, ஹி கேன் ஸீ."

அன்னபாக்கியத்துக்கும் நெஞ்சுப் பாரம் இறங்கியது. சனிக்கிழமை நடக்கும். அவர் மணவறையில் நிற்பார். கறுத்தக் கண்ணாடி போட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு மூச்சு நேரம் அவள் அதை எல்லாம் கண்டாள்.

பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். வேலையால் வந்து சோபாவில் சாய்ந்து, எதையும் பார்க்காமல், பெட்டி இலக்கங்களை ஒப்புவிக்கிற முகம். அந்தப் பெரிய முதல் எழுத்தை வாசித்தபோதும் அவர் பலகையை நேரே பார்க்கவில்லை. கொஞ்சம் பக்கத்தில், வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் விடலாம். இரண்டே நாள்தான். அவரும் அதைத்தான் கேட்கிறார்.

"ராகவி, எழுத்தை மாத்தச் சொல்லு."

"வாட்?"

"வேறை எழுத்துப் போடச் சொல்லு, பிள்ளை. கொப்பர் மற்றக் கண்ணாலை பாத்துப் பாடமாக்கிப்போட்டார்."

"அன்னம்" என்றார் குணரத்தினம். அவ்வளவு மெதுவாக அவர் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "ரெண்டு நாள்தானே."

"ஆனியிலையும் நான் அப்பிடித்தான் நினைச்சன்."

நர்ஸ் ஒரு பட்டனை அழுத்தினாள். பலகையில் எழுத்துகள் மாறின. மேலே, கைவிரலளவு உயரத்தில், கறுப்பாக ஒரு புது எழுத்து.

குணரத்தினம் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். நேரம் போயிற்று. பிறகு அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, பணிவோடு கேட்டார்.

"பலகையை எடுத்திட்டினமே?"

நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பேனையை வைத்துவிட்டு, பெரிய டொக்டரைக் கூப்பிட எழும்பிப் போனாள்.

ராகவியின் கையில் போன் அடித்தது. திரையில் வேதவள்ளியின் பெயர். அவள் தாயைப் பார்த்தாள்.

அன்னபாக்கியம் கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, புருஷனின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். தாரைவார்க்க வேண்டிய கை அது. சில்லிட்டிருந்தது.

"அடிக்கட்டும்" என்றாள். "கலியாணம் இருக்கட்டும், பிள்ளை. முதல் அப்பான்ரை கண்."